மாட்டுங்காவின் நாலு லட்சத்துப் பத்தொன்பது

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு வருகிற கல்யாணப் பத்திரிகை, வங்கிக் கடிதம், ஊரிலிருந்து வரும் அப்பளப் பார்சல் எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: 400019. சாயங்காலம் என்னிடம் கணக்கு படிக்க வரும் மூன்றாவது மாடிப் பெண், எட்டாம் வகுப்பு, ஒருநாள் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "மாமா, இது பகா எண்ணா?"

எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்த்ததில்லை. "நீயே வகுத்துப் பார், நானும் பார்க்கிறேன்" என்றேன். அன்று தொடங்கியது இந்த எண்ணோடு எங்கள் பழக்கம்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் இலக்கம் 4 என்றால் நாட்டின் மேற்குப் பகுதி. 400 என்றால் மும்பை. கடைசி மூன்று இலக்கமும் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் அஞ்சலகத்தைக் காட்டும். அதற்கு முன்பே மாட்டுங்காவுக்கு 'பம்பாய்-19' என்ற அடையாளம் இருந்தது. பழைய கடித உறைகளில் அப்படித்தான் இருக்கும். அந்தப் 19-க்கு முன்னால் 400 வந்து ஒட்டியதில் உண்டானதுதான் நாலு லட்சத்துப் பத்தொன்பது. யாரும் இதைக் கணித அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது. முழு எண் என்று ஆகிவிட்டால் போதும், அதற்கென்று ஒரு உள்கட்டமைப்பு வந்துவிடுகிறது. யார், எதற்காக வைத்தார்கள் என்பதை அது பார்ப்பதில்லை.

சரி, பகா எண்ணா? தன்னாலும் 1-ஆலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். 400019 ஒற்றைப்படை, ஆகவே 2 போகாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 14, ஆகவே 3 போகாது. 5-ல் முடியவில்லை. அப்புறம் 7, 11, 13 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். எதுவரை? ஓர் எண் இரண்டாக உடைந்தால் அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. 400019-ன் வர்க்கமூலம் 632-க்கும் 633-க்கும் நடுவில் இருக்கிறது. 632-க்குள் உள்ள பகா எண்கள் 115, கடைசி 631. அதிகபட்சம் 115 வகுத்தல். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும் வேலைதான்.

அவள் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு வரி போட்டு, மீதியைச் சிவப்புப் பேனாவில் எழுதிக்கொண்டே போனாள். வகுத்தல் 'தோற்றாலும்' மீதி சும்மா இருப்பதில்லை என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. 23-ஆல் வகுத்தால் மீதி 3. அப்படியானால் மூன்று தள்ளிக் கீழே இருக்கும் 400016, அதாவது மாஹிம், 23-ஆல் சரியாக வகுபடும். 47-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே 400017, நம் தமிழர்கள் நிறைந்த தாராவி, 47-ஆல் வகுபடும். அதன் முழு உடைப்பு 3 × 47 × 2837. 59-ஆல் வகுத்தால் மீதி 58, இன்னும் ஒன்றே ஒன்று குறை. ஆகவே 400020, சர்ச்கேட், 59-ஆல் வகுபடும். மாட்டுங்காவை வகுக்க உட்கார்ந்தவளுக்கு மும்பையின் பாதி வரைபடம் மீதிகளில் கிடைத்துவிட்டது.

ஐம்பது வகுத்தல் தாண்டியும் எதுவும் போகவில்லை. அறுபதும் தாண்டியது. 313-ல் மீதி 5. 331-ல் மீதி 171. பகா எண்தான் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அடுத்தது 68-ஆவது பகா எண், 337. மூன்றாவது மாடியிலிருந்து படியில் ஓடிவந்த சத்தம் கேட்டது. "மாமா, மீதியே இல்லாம போயிடுச்சு!"

400019 = 337 × 1187.

இரண்டுமே பகா எண்கள். இவ்வளவு பெரிய எண், சிறிய காரணி ஒன்றுகூட இல்லாமல், கிட்டத்தட்ட பகா எண் போலவே நடித்துவிட்டு, இரண்டே இரண்டு பகா எண்களாக உடைகிறது. 1, 337, 1187, 400019 தவிர வேறு எதனாலும் இது வகுபடாது. தன்னை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் 1525 மட்டுமே. 6 மாதிரியான எண்ணில் 1 + 2 + 3 கூட்டினால் அந்த எண்ணே திரும்ப வரும். இங்கே நாலு லட்சத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் தேறுகிறது. அவ்வளவு கஞ்சத்தனமான எண்.

அந்த இரண்டு காரணிகளும் தனித்தனியே நின்று பார்க்க வேண்டியவை. 337-ன் இலக்கங்களை எப்படி மாற்றிப் போட்டாலும், 373, 733, எல்லாமே பகா எண்கள். இந்தக் குணம் உள்ளவை மிகச் சில. மூன்று இலக்கத்தைத் தாண்டிவிட்டால், 1 மட்டுமே வரிசையாக வரும் எண்களைத் தவிர வேறு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. இன்னொன்று, கோலம் போடுகிறவர்களுக்குப் பிடிக்கும். நடுவில் ஒரு புள்ளி வைத்து அதைச் சுற்றி ஆறு முனை நட்சத்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் புள்ளிகளின் எண்ணிக்கை 1, 13, 37, 73, 121, 181, 253, 337 என்று வளரும். ஒவ்வொரு தடவையும் 12, 24, 36 என்று பன்னிரண்டின் மடங்காகக் கூடுகிறது. எட்டாவது நட்சத்திரத்துக்கு 337 புள்ளி. மார்கழியில் எங்கள் கட்டட வாசலில் அதற்கு இடம் போதாது, சதுரத் தாளில் வரைந்து பார்த்தோம்.

1187-க்கு வேறு பெருமை. அதில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 593. அதுவும் பகா எண். இரட்டிப்பாக்கி ஒன்று கூட்டினாலும் பகா எண்ணாகவே இருக்கும் 593 போன்ற எண்களுக்குச் சோஃபி ஜெர்மேன் பெயர் வைத்திருக்கிறார்கள். 1776-ல் பாரிஸில் பிறந்தவர். பெண்களுக்கு உயர்கல்வி வாசல் மூடியிருந்த காலத்தில் ஆண் பெயரில் கடிதம் எழுதி, ஜெர்மனியின் கணித மேதை கௌஸ் போன்றவர்களோடு கணிதம் பேசினார். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நோக்கி அவர் வைத்த அடியில்தான் இந்த வகைப் பகா எண்கள் வந்தன. இதைச் சொன்னதும் மூன்றாவது மாடிப் பெண் 593-ஐச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டுக்கொண்டாள்.

இந்த எண் கற்றுக்கொடுத்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஓர் எண் உடையும் என்று தெரிவது ஒரு அறிவு. எங்கே உடையும் என்று தெரிவது இன்னொரு அறிவு. முதலாவது இருந்தாலும் இரண்டாவது இல்லாமல் இருக்கலாம்.

அது எப்படி? 1640-ல் ஃபெர்மா ஒரு விதியைச் சொன்னார். ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணத்துக்கு 7. அதைவிட ஒன்று குறைவான தடவை 2-ஐப் பெருக்குங்கள்: 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணுக்கும் மீதி 1-தான் வந்தாக வேண்டும். இதை 400019-க்குச் செய்து பார்க்கலாம். 2-ஐ 4,00,018 தடவை பெருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொன்றாக இல்லை. கிடைத்ததை அதனாலேயே பெருக்கி, 400019-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் இரட்டிப்பாக்கி மேலே போனால் 18 வர்க்கப் பெருக்கலில் முடிந்துவிடும். கடைசியில் வரும் மீதி 48204.

1 வரவில்லை. ஆகவே 400019 பகா எண் இல்லை, சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் பாருங்கள், இந்தக் கணக்கில் 337 எங்கேயும் தலைகாட்டவில்லை, 1187-ம் இல்லை. வீட்டுக்குள் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. யார் என்று தெரியவில்லை. (மறுபக்கம் எச்சரிக்கை தேவை. 1 வந்தால் மட்டும் பகா எண் என்று முடிவு கட்ட முடியாது. 341 = 11 × 31, ஆனாலும் இந்தச் சோதனையில் 1 காட்டி ஏமாற்றும்.) ஏமாறாத, அதேசமயம் எண் எவ்வளவு நீண்டாலும் வேகமாக ஓடும் சோதனை உண்டா என்ற பழைய கேள்விக்கு 2002-ல் கான்பூர் ஐஐடியிலிருந்து பதில் வந்தது. மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் சேர்ந்து கண்டது. அதுவும் பகா எண்ணா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், காரணியைக் கொடுக்காது.

காரணி தேட வேறு வழிகள் இல்லாமல் இல்லை. பழையதும் அழகானதுமான ஒன்று, எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது. 14-ஆம் நூற்றாண்டில் நாராயண பண்டிதர் தம் 'கணித கௌமுதி'யில் இதைத் தந்தார். ஃபெர்மா வந்தது அதற்குப் பல தலைமுறை பின்னால். 633-ன் வர்க்கத்திலிருந்து 400019-ஐக் கழித்தால் 670. அது வர்க்க எண் இல்லை. 634-க்கு 1937; இல்லை. இப்படியே போய் 762-ல் நிற்கிறது: 762² − 425² = 400019. இந்த 762-ல் 425-ஐக் கழித்தால் 337, கூட்டினால் 1187. அழகுதான், ஆனால் 130 தடவை முயல வேண்டியிருக்கிறது. காரணிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் மின்னல் வேகத்தில் முடியும் முறை இது. 337-ம் 1187-ம் அவ்வளவு நெருக்கம் இல்லை, அதனால் எங்கள் எண்ணுக்குச் சாதாரண வகுத்தலே மேல்.

337-ஐ 1187-ஆல் பெருக்கு என்றால் எட்டாம் வகுப்புப் பெண் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். 400019-ஐ உடை என்றால் அவளுக்கு ஒரு விடுமுறை நாள் முழுக்கப் போனது. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ரகசியச் செய்திகளைக் காக்கும் பூட்டாக மாற்றினார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளே ஆர்.எஸ்.ஏ.

எங்கள் பின்கோடையே பூட்டாக வைத்துச் செய்து பார்த்தோம். ஊருக்கெல்லாம் இரண்டு எண்களைச் சொல்லிவிடலாம்: 400019, 5. அனுப்ப வேண்டிய ரகசிய எண் 19 என்று வைத்துக்கொள்வோம். 19-ஐ ஐந்து தடவை பெருக்கினால் 24,76,099. அதை 400019-ஆல் வகுத்தால் மீதி 75985. அதை அனுப்பிவிடலாம், வழியில் யார் பார்த்தாலும் கவலையில்லை. திறப்பதற்குச் சாவி 318797. வந்த 75985-ஐ அத்தனை தடவை பெருக்கி மீதி எடுத்தால் மறுபடி 19 வரும். இந்தச் சாவி எங்கிருந்து வந்தது? 336-ஐ 1186-ஆல் பெருக்கினால் 398496. அதன் நாலு மடங்கோடு ஒன்று கூட்டினால் 15,93,985. அதை 5-ஆல் வகுத்தால் 318797. இந்த 336-ம் 1186-ம் காரணிகளில் ஒவ்வொன்று குறைத்தவை. ஆக, 337-ம் 1187-ம் தெரிந்தவருக்குச் சாவி இரண்டு வரிக் கணக்கு. தெரியாதவர் முதலில் 400019-ஐ உடைத்தாக வேண்டும்.

ஆறு இலக்கத்தை ஒரு சிறுமி உடைத்துவிட்டாள். ஆகவே இலக்கங்களைக் கூட்ட வேண்டும். 1977-ல் அந்த மூவரும் 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக வைத்தார்கள்; 1994-ல் பல நாடுகளின் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைச் சேர்த்து அதை உடைத்தார்கள். 250 இலக்கச் சவால் எண் உடைந்தது 2020-ல். கணினிச் செயலியின் ஒரே ஒரு கருவிடம் (core) அந்த வேலையைக் கொடுத்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் பிடித்திருக்கும். இப்போது ஆர்.எஸ்.ஏ. பூட்டுகளில் பரவலாக இருக்கும் எண்களின் நீளம் 617 இலக்கம். அந்தப் பெண் செய்த மாதிரி பகா எண்களை வரிசையாக எடுத்து வகுக்கப் போனால், 1-க்குப் பின்னால் 300 சுழியத்துக்கும் மேல் வரும் அத்தனை வகுத்தல். இத்தனைக்கும், எண்ணை வேகமாக உடைக்கச் சாதாரணக் கணினிகளுக்கு வழியே கிடையாது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. இதுவரை யாருக்கும் அகப்படவில்லை, அவ்வளவுதான். அந்த நம்பிக்கையின் மேல் எவ்வளவு பணம் பயணம் செய்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்புதான்.

உடைப்பதை விட்டுவிட்டு, கட்டுவதைப் பார்ப்போம். வர்க்க எண்களைக் கூட்டி 400019-ஐ உண்டாக்க முடியுமா? இரண்டே வர்க்கத்தால் முடியாது. காரணத்தை விரல்விட்டுச் சொல்லலாம்: இரட்டை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0, ஒற்றையின் வர்க்கத்துக்கு மீதி 1. ஆகவே இரண்டைக் கூட்டினால் மீதி 0, 1 அல்லது 2-தான் வர முடியும். 400019-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. தேடவே வேண்டாம், கதவு மூடியாயிற்று.

மூன்று வர்க்கம்? இங்கே 8-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒற்றை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி எப்போதும் 1. எங்கள் எண்ணுக்கு மீதி 3. மூன்று ஒற்றை வர்க்கங்கள் போதுமே என்று தோன்றும், அது உண்மை என்று கௌஸ் நிரூபித்தார். அந்தப் பெண்ணை அடங்கக்கூடிய மிகப் பெரிய ஒற்றை எண்ணாக எடுத்துக்கொண்டே போகச் சொன்னேன். 631-ன் வர்க்கம் 398161, மிச்சம் 1858. 43-ன் வர்க்கம் 1849; மிச்சம் 9. அது 3-ன் வர்க்கம். முதல் முயற்சியிலேயே விழுந்தது:

400019 = 631² + 43² + 3².

மூன்றும் பகா எண்கள். எல்லா எண்ணுக்கும் இப்படிக் கச்சிதமாக வராது, நானே வேறு சில பின்கோடுகளில் முயன்று திண்டாடினேன். இதே சமன்பாடு இன்னொரு வடிவமும் எடுக்கும். 400019-ல் 3-ஐக் கழித்து 8-ஆல் வகுத்தால் 50002. 631, 43, 3 ஒவ்வொன்றிலும் ஒன்று கழித்துப் பாதியாக்கினால் 315, 21, 1. இனி 1, 2, 3 என்று வரிசை வரிசையாகப் புள்ளி வைத்த முக்கோணங்களை நினையுங்கள். 315 வரிசையில் 49770 புள்ளி, 21 வரிசையில் 231, ஒரே வரிசையில் 1. மொத்தம் 50002. எந்த முழு எண்ணையும் இப்படி மூன்று முக்கோணத்துக்குள் அடக்கலாம் என்பதை 1796 ஜூலை 10 அன்று கண்டுபிடித்த கௌஸ், ஆர்க்கிமிடீஸ் கூவிய 'யுரேகா'வைக் கிரேக்க எழுத்தில் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அப்போது அவருக்கு வயது 19.

வர்க்கத்தை விட்டு நான்காம் அடுக்குக்கு (2 × 2 × 2 × 2 = 16 மாதிரி) போனால் விஷயம் மும்பைக்கும் நம்மவர்களுக்கும் இன்னும் நெருங்கிவிடுகிறது. எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் எத்தனை நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுத முடியும்? 19. இருநூறு வருஷம் பழகிய இந்தக் கேள்வியை 1986-ல் முடித்தவர்களில் ஒருவர் ஆர். பாலசுப்பிரமணியன், கொலாபாவில் உள்ள டாடா ஆய்வு நிறுவனத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். உடன் நின்றவர்கள் பிரான்ஸின் தெஷுயே, த்ரெஸ். ஆறாம் அடுக்குக்கு 73 என்று 1940-லேயே காட்டியவர் எஸ். எஸ். பிள்ளை, செங்கோட்டைக்குப் பக்கத்து வல்லம்காரர். 1950-ல் அமெரிக்கா போகும் வழியில் விமான விபத்தில் இறந்துபோனார். ராமானுஜனைத் தெரிந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்குப் பிள்ளையைத் தெரியவில்லையே என்பது என் நெடுநாள் வருத்தம்.

இலக்கங்களை வைத்து ஆடும் விளையாட்டு ஒன்றும் உண்டு. இது எண்ணின் ஆழத்தைக் காட்டாது, பத்தடிமான எழுத்துமுறையின் குணத்தைத்தான் காட்டும். ஆனாலும் பிள்ளைகளுக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது. மும்பைக்கு வடக்கே தகாணுவில் 1905-ல் பிறந்து, தேவலாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் கண்டது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுது, ஏறுவரிசையில் எழுது, கழி, திரும்பச் செய். நாலு இலக்க எண்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால், 6174-ல் வந்து நின்றுவிடும். ஆறு இலக்கத்தில் அப்படி ஒரே முடிவு கிடையாது. எங்கள் எண் 941000 − 149 என்று தொடங்கி 940851, 970821, 974421, 849942, 753543 வழியாக ஆறாவது கழித்தலில் 420876-ஐத் தொடுகிறது. அதன்பின் 851742, 750843, 840852, 860832, 862632, 642654, மறுபடி 420876. ஏழு நிறுத்தம் உள்ள வட்டப்பாதையில் ஓடும் ரயில் மாதிரி, இறங்க வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு அவள், "அப்போ நிஜமாவே பகா எண்ணா இருக்கற பின்கோடு எது மாமா?" என்றாள். நாலு லட்சத்தை ஒட்டிய எண்களில் சராசரியாகப் பதின்மூன்றில் ஒன்று பகா எண். மாட்டுங்கா விழுந்திருப்பது ஒரு வெற்றிடத்தில்: 400009 பகா எண், அதன்பின் இருபத்தோரு எண்கள் எதுவும் இல்லை. சயான் 400022 இரட்டை. செம்பூர் 400071-ன் இலக்கங்களைக் கூட்டினால் 12, ஆகவே 3 உடைத்துவிடும். எங்கள் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் வடாலா. அங்கே மேற்குப் பக்கத்தின் எண் 400031.

இந்த எண்ணை வகுக்கும்போது 337 தாண்டியும் நிறுத்த முடியாது, 115 பகா எண்களையும் பார்த்தே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயின. 367-ல் மீதி 1 வந்தபோது கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். 443-ல் மீதி 2. 607-ல் 18. கடைசி வரியில் 631; சிவப்புப் பேனாவில் மீதி 608 என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டு, நோட்டை என் முன்னால் வைத்தாள்.